போட்டாப் பாறை

போண்டா வந்துவிட்டது. செத்துப்போனவளைப் பற்றி விசாரிக்கக் கூடிய கூட்டத்துக்கு யாரோ போண்டா சொல்லியிருக்கிறார்கள், ஆளுக்கு இரண்டு, காகிதத் தட்டில், தேங்காய்ச் சட்னி மெல்லிய பிளாஸ்டிக் கிண்ணத்தில் தனியாக. எண்ணெய் தட்டை நனைத்துக்கொண்டு மேசைக்கு இறங்குகிறது. துணை இயக்குநர் முதல் போண்டாவைப் பிட்டு, உள்ளே மாவு வெந்திருக்கிறதா என்று கண்ணாடியை உயர்த்திப் பார்த்து, திருப்தியாகி வாயில் போடுகிறார். நான் என் தட்டைத் தொடவில்லை. காலையில் காப்பி மட்டும்தான் குடித்தேன், ஆனாலும் பசி இல்லை. ஜன்னல்களை எல்லாம் அடைத்து ஏசி போட்டு மல்லிகைப்பூ ஸ்பிரே அடித்திருக்கிறார்கள், அதற்கு அடியில் பினாயில், அதற்கும் அடியில் எலி. மல்லிகையைக்கூட இப்படிக் கெடுக்க முடியும் என்று இந்த அலுவலகத்துக்கு வந்துதான் தெரிந்துகொண்டேன். செத்துப்போன பூங்காவனத்தின் படிவம் அவருடைய தட்டுக்கு அடியில் இருக்கிறது. தாய் இறப்பு ஆய்வுப் படிவம், எட்டுப் பக்கம். மேல் பக்கத்தில் எண்ணெய் ஒரு வட்டமாக ஊறி அவள் பெயரின் முதல் பாதி கண்ணாடி மாதிரி ஆகிவிட்டது. கடைசிப் பக்கத்தில் இரண்டு பெட்டிகள். ஒன்று என் கையெழுத்துக்கு, ஒன்று அவள் புருஷன் வேடியப்பனின் கைநாட்டுக்கு. அவன் வெளியே வராந்தாவில் உட்கார்ந்திருக்கிறான். பெஞ்சு காலியாக இருந்தும் தரையில்தான் உட்கார்ந்திருக்கிறான், வரும்போது பார்த்தேன், அவனும் என்னைப் பார்த்து எழுந்து நின்றான், அந்த எழுந்து நின்றதை என்னால் விழுங்க முடியவில்லை. ஆறாம் பக்கத்தில் தாமதத்துக்குக் காரணம் என்று ஒரு கேள்வி. முதல் தாமதம் வீட்டில், இரண்டாவது வழியில், மூன்றாவது ஆஸ்பத்திரியில். முதல் கட்டத்தில் டிக் போட்டு, பக்கத்தில் டைப்பும் அடித்து வைத்திருக்கிறார்கள், ஆம்புலன்ஸ் உரிய நேரத்தில் உரிய இடத்துக்குச் சென்று இரண்டு மணி நேரம் காத்திருந்தும் குடும்பத்தார் கர்ப்பிணியை அழைத்து வர மறுத்துவிட்டனர் என்று. மறுத்துவிட்டனர். எவ்வளவு சுத்தமான வார்த்தை. பக்கத்து நாற்காலியில் இருக்கும் இந்திராணி அக்கா, அவளும் என்னைப் போல மலை நர்சுதான், சட்னியை என் பக்கம் நகர்த்துகிறாள். வேண்டாம் அக்கா என்கிறேன்.

அவர்கள் மறுக்கவில்லை. அதை இந்த அறையில் என்னைவிட நன்றாகத் தெரிந்தவர் யாரும் இல்லை. அவள் ஊர் நெல்லிப்பட்டிலிருந்து நாலு பேர் மூங்கில் கழியில் போர்வையைத் தூளியாகக் கட்டி, அவளை உள்ளே போட்டு, ஒன்றரை மணி நேரம் புங்க ஓடைக்கு இறங்கி, ஓடைப் பாலத்தில் வண்டிக்காக நின்றார்கள். வண்டி போட்டாப் பாறையில் நின்றது. மலைக்குக் கிழக்கே ஓடை, மேற்கே பாறை. வண்டி ஒன்றிலிருந்து மற்றதற்குப் போக மலையைச் சுற்றி முப்பத்தொரு கிலோமீட்டர். ஓடையிலும் போனில் சிக்னல் கிடையாது, ஊரிலும் கிடையாது. அவள் பாலத்துக்குப் பக்கத்தில் பெற்றாள், பெற்ற பிறகு ரத்தம் நிற்கவில்லை, மூன்று மணிக்கு வனத்துறை ஜீப் ஒன்று அந்தப் பக்கமாக வந்து எல்லோரையும் அள்ளிப் போட்டுக்கொண்டு இறங்கியது, ஆஸ்பத்திரி வாசலில் ஸ்ட்ரெச்சர் வருவதற்குள் அவள் போய்விட்டாள். குழந்தை இருக்கிறது. பெண் குழந்தை, ஒரு கிலோ எண்ணூறு கிராம் எடை, பதினொரு நாளாகப் பச்சிளம் குழந்தைப் பிரிவில் கண்ணாடிப் பெட்டிக்குள். அதைக் கேட்டுத்தான் வேடியப்பன் வந்திருக்கிறான். எனக்கு எதிரே உட்கார்ந்திருக்கும் யசோதா மேடம் குழந்தைகள் பாதுகாப்பு அலுவலகத்திலிருந்து அந்த எட்டுப் பக்கத்தின் நகலுக்காக வந்திருக்கிறார். நல்ல மாதிரிப் பெண்மணி. மூன்று நாளைக்கு முன்னாலேயே ஒளிக்காமல் சொல்லிவிட்டார். “இதுல குடும்பம் மறுத்துச்சுன்னு இருந்தா குழந்தைகள் நலக் குழு குழந்தையை அவர்ட்ட குடுக்காது சிஸ்டர். கவனிக்காத குடும்பம்னு ஆயிடும். இல்லத்துக்குத்தான் போகும், அப்புறம் தத்துக்குப் போகும். நான் பேப்பர்ல இருக்கிறதைத்தான் படிக்க முடியும்.” படியுங்கள். எல்லோரும் பேப்பரில் இருப்பதைத்தான் படிக்கிறோம். பூங்காவனம் பேப்பரில் ரொம்ப ஒழுங்காக இருந்தாள், எட்டு மாதம், எட்டுப் படம், எல்லாம் பச்சை. வலி வந்தால் ஓடைக்கு வரச் சொன்னது நான்தான். அந்தப் பக்கம் புதுசாகத் தார் போட்டிருந்தது, ஆஸ்பத்திரிக்கு அரை மணி நேரம் மிச்சம், யோசித்துத்தான் சொன்னேன், நல்லதுக்குத்தான் சொன்னேன். நல்லதுக்குத்தான் என்கிற இந்தச் சொல்லை வாயில் வைத்து மென்றால் பழைய எண்ணெய் ருசி வருகிறது.

போட்டாப் பாறை என்பது எங்கள் பேர் இல்லை, மலைப் பெண்கள் வைத்த பேர், போட்டா எடுக்கிற பாறை. மாவட்டத்தின் வடக்குக் கோடியில் இருக்கும் பதினேழு குடியிருப்புகளை அரசாங்கத்தில் வடமலைத் தொலைதூரக் குடியிருப்புகள் என்பார்கள், நான் அதற்குப் பதினாறு வருஷமாக நர்சு. முதல் பத்து வருஷம் நடந்தேன். அட்டைப் பெட்டியில் ஊசியும் ஐஸும், காலில் ரப்பர் செருப்பு, அட்டை கடித்துக் காலெல்லாம் புண், ஆனாலும் ஏறினேன், ஒவ்வொரு வீட்டு வாசலிலும் உட்கார்ந்து கேழ்வரகுக் களியை உருட்டி விழுங்கி, வயிற்றைத் தொட்டுப் பார்த்து, இறங்கி வந்தேன். அப்புறம் டேப்லட் கொடுத்தார்கள். வாயில் போடுகிற மாத்திரை இல்லை, கையில் பிடிக்கிறது. கர்ப்பிணியோடு நின்று படம் எடுக்க வேண்டும், எடுத்த இடம் தானாக அதில் பதியும், அரை மணிக்குள் அனுப்பவில்லை என்றால் அந்தப் பெண் பெயர் சிவப்பாகிவிடும். சிவப்பு வந்தால் மாதக் கூட்டத்தில் எழுந்து நிற்க வேண்டும். ஊரில் சிக்னல் இல்லை சார் என்று எழுந்து நின்று சொன்னேன். சிக்னல் இருக்கிற இடத்தில் எடுங்கம்மா என்று சொன்னவர் இந்தத் துணை இயக்குநர் இல்லை, இவருக்கு முன்னால் இருந்தவர், சட்டைப் பையில் எப்போதும் வெற்றிலை வைத்திருப்பார். படம் போகிற அளவுக்குச் சிக்னல் இருக்கிற இடம் மேற்கு ரோட்டோரத்தில் அந்தப் பாறை ஒன்றுதான். அப்புறம் ஒவ்வொரு மாதமும் முதல் செவ்வாய்க்கிழமை பதினேழு குடியிருப்புப் பெண்களும் வயிற்றைத் தள்ளிக்கொண்டு பாறைக்கு இறங்கினார்கள். மேய்ச்சலுக்குப் போகிற ஆடுகள் மாதிரி வரிசையாக வருவார்கள். நான் ஸ்கூட்டியில் போய்க் காத்திருப்பேன். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம், நான் அப்படிச் சொல்லவில்லை, கூடம் கோணல்தான், ஆனால் அந்தக் கோணல் கூடத்தில் நானும் நன்றாகத்தான் ஆடினேன், முதல் பரிசு வாங்கினேன். நூறு சதவீதம் என்று போட்ட சான்றிதழ் குவார்ட்டர்ஸ் சுவரில் தொங்குகிறது. மாமியார் படுக்கையில் கிடந்தபடியே அதைப் பார்த்து மருமகள் பெரிய உத்தியோகம் என்று வருகிறவர்களிடம் சொல்கிறாள். மற்றப் பத்து நர்சுகளுக்கும் அவரவர் மலையில் அவரவர் பாறை இருக்கிறது. ஒருத்திக்கு மாரியம்மன் கோயில் மேடை, ஒருத்திக்குத் தண்ணீர்த் தொட்டி.

ஆனால் பாறை இல்லை அது, என்னை உறுத்துவது பாறை இல்லை, போன். அவள் செத்த அன்று காலை பத்து மணி பத்து நிமிஷம். இதே அறை, இதே நாற்காலியாகக்கூட இருக்கலாம், கை வைக்கிற இடத்தில் ரெக்சின் கிழிந்து பஞ்சு தெரிகிற நாற்காலி. மாதாந்திரக் கூட்டம். பூங்காவனத்தின் தம்பி ஊருக்கு மேலே கரட்டில் ஏறி ஒரு கோடு சிக்னல் பிடித்து எனக்குப் போட்டான். “நர்சம்மா, அக்காவுக்கு வலி வந்துச்சி, ஓடைக்குத் தூக்கினு போறோம், வண்டிய அனுப்பு.” அவ்வளவுதான், அறுந்துவிட்டது. நான் மேசைக்கு அடியில் குனிந்து, முந்தானையை வாயில் வைத்து, ஆம்புலன்ஸுக்குப் போட்டேன். கர்ப்பிணி பதிவு எண் கேட்டார்கள், சொன்னேன். அந்தப் பக்கம் ஒரு பெண் குரல், சின்ன வயசு, வாயில் எதையோ மென்றுகொண்டு, “லொகேஷன் வந்துடுச்சு மேடம், வண்டி கிளம்புது” என்றது. அப்போது நான் ஓடை என்று சொல்லியிருக்க வேண்டும். நாக்கு வரைக்கும் வந்தது. ஓடை. இரண்டு எழுத்து. நிமிர்ந்து பார்த்தேன், துணை இயக்குநர் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார், கூட்டத்தில் போன் பேசினால் அவருக்குப் பிடிக்காது, போன மாதம் ஒருத்தியின் போனை வாங்கி மேசை டிராயரில் போட்டுப் பூட்டியிருக்கிறார். நான் போனை மடியில் கவிழ்த்துவிட்டேன். லொகேஷன் வந்துடுச்சு மேடம். வந்துவிட்டதே, அப்புறம் என்ன, மெஷினுக்குத் தெரியாததா என்று நினைத்துக்கொண்டேனா, அல்லது எதையுமே நினைக்கவில்லையா. பதினொரு நாளாக அந்த இடத்துக்குத்தான் திரும்பித் திரும்பிப் போகிறேன். பாத்திரம் கழுவும்போது போகிறேன், ஸ்கூட்டி ஓட்டும்போது போகிறேன். மெஷினுக்கு அந்த இடத்தைச் சொல்லிக் கொடுத்தது யார், நான்தானே, எட்டு மாதம் எட்டுத் தடவை, இவள் வீடு இந்தப் பாறை, இந்தப் பாறை, இந்தப் பாறை என்று. அது கற்றுக்கொண்டதைச் சொன்னது. டிரைவரும் பொய் எழுதவில்லை. வந்தான், நின்றான், ஆள் வரவில்லை என்று நேரம் போட்டு எழுதிவிட்டுப் போனான். ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில் பாவத்தைச் சொல்கிற பாவசங்கீர்த்தனக் கூண்டு வரைக்கும் போய்விட்டுத் திரும்பிவிட்டேன். பங்குத்தந்தை பரிகாரமாக மூன்று அருள்நிறை மந்திரம் சொல்லச் சொல்லுவார், நானும் சொல்லிவிட்டு நிம்மதியாக வீட்டுக்குப் போய் மீன் கழுவியிருப்பேன். அந்த நிம்மதியை நினைத்தால் காறித் துப்பத் தோன்றுகிறது.

அவள் கடைசியாகப் பாறைக்கு வந்த செவ்வாய்க்கிழமை அவளுக்கு ஒன்பதாம் மாதம் பிறந்திருந்தது. வந்ததும் பாறையில் உட்கார்ந்துவிட்டாள், எழுந்திருக்க முடியவில்லை, கால் இரண்டும் வீங்கி விரல்கள் தெரியவில்லை. மூக்குத்திக்குப் பக்கத்தில் வேர்வை நின்றது. பிரஷர் பார்த்தேன், கண் கீழ்த்தோலை இழுத்துப் பார்த்தேன், வெளுத்திருந்தது, இரும்பு மாத்திரை கொடுத்தேன், எல்லாம் செய்தேன், செய்யாமல் இல்லை. அப்புறம் படத்துக்காக எழுந்திருக்கச் சொன்னேன். உட்கார்ந்தபடி எடுத்தால் வயிறு தெரியாது, வயிறு தெரியவில்லை என்றால் மேலே யாரோ ஒருவர் திருப்பி அனுப்பிவிடுவார். எழுந்தாள், என் தோளைப் பிடித்துக்கொண்டு. கை சூடாக இருந்தது. “என் மூஞ்சி எங்க போவுது நர்சம்மா?” என்று கேட்டாள். மெட்ராசுக்கு என்றேன். “அங்க யாரு பாக்கறாங்கோ?” எல்லோரும் பார்ப்பார்கள் என்றேன். “அப்ப தலைய வாரினு வந்திருப்பேனே” என்று சிரித்தாள். பல்லில் கேழ்வரகு ஒட்டியிருந்தது. படம் நன்றாக விழுந்தது. மூன்று கோடு சிக்னல், உடனே போய்விட்டது, பச்சை டிக். சரி, நீ போ, வெயிலுக்கு முன்னால் ஏறிடு என்றேன். ஒன்றரை மணி நேரம் ஏற்றம். நான் ஸ்கூட்டியைத் திருப்பும்போது பார்த்தேன், முதல் வளைவிலேயே ஒரு வேங்கை மரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். நான் திரும்பிவிட்டேன். மெட்ராசில் யாரும் பார்க்கவில்லை பூங்காவனம். உன் மூஞ்சியை ஒருத்தரும் பார்க்கவில்லை. வயிறு தெரிகிறதா என்று மட்டும்தான் பார்த்தார்கள், அதைக்கூட ஆள் பார்த்தானா மெஷின் பார்த்ததா என்று எனக்குத் தெரியாது.

“ஆரோக்கியமேரி, பேருலயே ஆரோக்கியத்தை வெச்சுக்கிட்டு ஏன் இப்படி டல்லா இருக்கீங்க, சாப்பிடுங்க” என்கிறார் துணை இயக்குநர். இரண்டு பேர் சிரிக்கிறார்கள். கையைத் துடைக்கக் காகிதம் தேடி, கிடைக்காமல், படிவத்தின் ஓரத்திலேயே விரலை ஒற்றிக்கொண்டு, கடைசிப் பக்கத்தைத் திருப்பி என் பக்கம் தள்ளுகிறார். தெரிந்து செய்யவில்லை. அதுதான் பொறுக்கவில்லை, இங்கே யாரும் எதையும் தெரிந்து செய்வதில்லை. “இந்தப் பக்கம் ஒரு சைன் போட்டீங்கன்னா அவரைக் கூப்பிட்டு முடிச்சுடலாம். ரெண்டு மணிக்குக் கலெக்டர் மீட்டிங்.” சார், அவங்க ஓடைக்கு வந்தாங்க என்கிறேன். என் குரல் எனக்கே யாருடையதோ போல் கேட்கிறது.  யசோதா மேடம் நிமிர்ந்து பார்க்கிறார். துணை இயக்குநர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் பிழைத்திருப்பேன். பக்கத்தில் இருந்த கம்ப்யூட்டர்க்காரரிடம் மேப்பைப் போடச் சொல்கிறார். சுவரில் வடமலை விழுகிறது, பச்சைப் பசேலென்று, நான் நடந்த எந்த மலையைப் போலவும் இல்லாமல். அதில் பதினேழு ஊரிலும் ஒரு புள்ளிகூட இல்லை. மேற்கு ரோட்டோரத்தில் ஒரே ஒரு புள்ளி. “கிளிக் பண்ணுங்க” என்கிறார். கிளிக் பண்ணியதும் நூற்று நாற்பத்திரண்டு என்று எண் வருகிறது. நூற்று நாற்பத்திரண்டு கர்ப்பிணிகளும் ஒரு பாறையில் குடித்தனம் நடத்துகிறார்கள். “எனக்குத் தெரியாதுன்னு நெனச்சீங்களாம்மா? ஒண்ணரை வருஷமா பாக்குறேன். பதினோரு பேரும் இப்படித்தான். நானும் கண்ண மூடிக்கிட்டுத்தானே மேல அனுப்புறேன். நாலு மாசத்துல ரிட்டயர்டு. நீங்க இப்ப ஓடை கீடைன்னு ஆரம்பிச்சா இந்தப் புள்ளியில இருந்துதான் ஆரம்பிக்கணும்.” சொல்லிவிட்டு இரண்டாவது போண்டாவைப் பிட்கிறார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்பார்கள். இங்கே சோறே இல்லை, வெறும் பூசணிக்காயைத் தட்டில் வைத்து எல்லோரும் சுற்றி உட்கார்ந்துகொண்டு சோறு நன்றாக இருக்கிறது என்று சொல்லிக்கொண்டிருக்கிறோம். இந்த ஒன்றரை வருஷத்தில் அவர் ஒரு நாள் எங்களைக் கூப்பிட்டு, இந்தப் புள்ளி தப்பு, ஆம்புலன்ஸ்காரனுக்கு வேறே இடம் கொடுங்கள் என்று சொல்லியிருந்தால். நான் ஒரு நாள் சொல்லியிருந்தால். எங்கள் யாருக்கும் தோன்றவில்லையா, தோன்றியும் நாளைக்கு என்று விட்டோமா. ஆம்புலன்ஸும் அதே புள்ளியைத்தான் பார்க்கிறது என்று எனக்கு அன்றைக்கு முன்னால் தெரியுமா. தெரியாது என்று சொல்லத்தான் ஆசை. போன தை மாதமே மேல்கரட்டு ஊர் ஆள் ஒருவர் சொன்னார், வண்டி வேறே பக்கம் போய்விட்டு வந்தது என்று. அவர்கள் வீட்டில் யாரும் சாகவில்லை, அதனால் நானும் மறந்துவிட்டேன்.

மேசைக்கு அடியில் இந்திராணி அக்கா என் முழங்காலை அழுத்துகிறாள். எனக்குக் குழந்தை பிறந்தபோது பத்தியம் சமைத்துப் போட்டவள், மாமியார் விழுந்த அன்று அவளைத் தூக்கிக் குளிப்பாட்டியவள். அவளிடம் எனக்குக் கோபம் வர மாட்டேன் என்கிறது, வந்தால் சௌகரியமாக இருக்கும். “மேரி, பதினோரு பேரு வயித்துல அடிக்காத” என்று உதடு அசையாமல் சொல்கிறாள். “செத்தவ வரப்போறாளா? கொழந்தைய நல்ல எடத்துலதானே வளப்பாங்க. அந்த மலையில என்ன இருக்கு?” அந்த மலையில் என்ன இருக்கிறது. நானும் அதைச் சொல்லிப் பார்த்துக்கொண்டேன் அக்கா, மூன்று நாளாக. இல்லத்தில் பால் பவுடர் உண்டு, ஊசி உண்டு, பள்ளிக்கூடம் உண்டு. மலையில் அட்டையும் களியும். சொல்லச் சொல்ல ரொம்ப நியாயமாகத்தான் இருந்தது. அவ்வளவு நியாயமாக இருந்ததால்தான் பயம் வந்தது. என் குறையை மூடுவதற்கு அவன் பிள்ளையை எடுத்து அடைக்கிறேன், ஓட்டைப் பானைக்குத் துணி அடைக்கிற மாதிரி. உப்புத் தின்றவள் தண்ணீர் குடிக்க வேண்டும், சரி, குடிக்கிறேன், ஆனால் குவார்ட்டர்ஸைக் காலி பண்ணச் சொன்னால் எழுந்திருக்க முடியாத கிழவியை எங்கே தூக்கிக்கொண்டு போவேன், சஸ்பெண்ட் என்று பேப்பரில் வந்தால் பெண் காலேஜுக்கு எப்படிப் போவாள், பதினொரு பேரும் அவர்கள் வீட்டுக்காரர்களும் பஸ் ஸ்டாண்டில் என்னைப் பார்த்து முகத்தைத் திருப்பினால். பேனாவை எடுத்துவிட்டேன். எப்போது எடுத்தேன் என்று தெரியவில்லை, கையில் இருக்கிறது, பெட்டியின் மேல் இருக்கிறது, நிப்பு காகிதத்தைத் தொட்டு ஒரு புள்ளிகூட விழுந்துவிட்டது. எண்ணெய் இந்தப் பக்கம் வரைக்கும் ஊறியிருக்கிறது, அதில் மை பரவுகிறது. “அவரைக் கூப்பிடுங்க, ரெண்டும் சேந்தே முடிச்சுடலாம்” என்கிறார் துணை இயக்குநர்.

வேடியப்பன் உள்ளே வந்தான். செருப்பை வாசலில் விட்டுவிட்டு வந்திருக்கிறான். ஏசிக் காற்றுக்குத் தோளில் கிடந்த துண்டை இழுத்துப் போர்த்திக்கொண்டான். இருபத்தாறு வயசு இருக்கும், பதினொரு நாளில் கன்னம் ஒட்டிவிட்டது. உட்காரச் சொல்லி யாரும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. யாரோ ஸ்டாம்ப் பேடைத் திறந்து மேசை ஓரத்தில் வைத்தார்கள். “இங்க ஒரு ரேகை வைப்பா” என்றார் துணை இயக்குநர். அவன் காகிதத்தைப் பார்த்தான், அப்புறம் என்னைப் பார்த்தான். “நர்சம்மா படிக்கட்டும். நீ படி நர்சம்மா. நீ படிச்சா வெக்கறேன்.” மலையில் எல்லோருக்கும் நீதான், கலெக்டர் வந்தாலும் நீதான். “சாருக்கு எதிர்க்க மரியாதையா பேசுப்பா” என்றது ஒரு குரல். அவனுக்குப் புரியவில்லை. நான் படித்தேன். வேறே எதையாவது படித்துவிடலாம் என்று ஒரு கணம் தோன்றியது, மனைவி இறந்ததற்கு வருந்துகிறோம் என்று ஏதாவது, அவனுக்கு எப்படித் தெரியும். தோன்றியது, அதையும் ஒளிக்கவில்லை. ஆனால் கண் எழுத்தில் இருந்தது, வாய் அதைச் சொல்லிவிட்டது. ஆம்புலன்ஸ் வந்து இரண்டு மணி நேரம் நின்றதாம், உங்கள் வீட்டில் வர மறுத்துவிட்டீர்களாம், அப்படி எழுதியிருக்கிறது என்றேன். அவன் கோபப்படுவான் என்று எல்லோரும் காத்திருந்தார்கள், கம்ப்யூட்டர்க்காரர் எழுந்துகூட நின்றார். அவன் கோபப்படவில்லை. “அப்படி எழுதினா கொளந்தயக் குடுத்துருவாங்களா?” என்று கேட்டான். துணை இயக்குநர் கடிகாரத்தைப் பார்த்தார். “நாங்கதான் மறுத்தோம்னு எழுதிக்க. பரவால்ல. எம்மேல எழுதிக்க. கொளந்தயக் குடுத்தாப் போதும்.” சொல்லிக்கொண்டே கட்டை விரலை மையில் அழுத்தினான். யசோதா மேடம் எதையோ சொல்ல வாயெடுத்துவிட்டு ஃபைலைப் பார்த்துக்கொண்டார். துணை இயக்குநர் தட்டை நகர்த்தி அவனுக்கு இடம் கொடுத்தார்.

நான் அவன் மணிக்கட்டைப் பிடித்துவிட்டேன். வைக்காத வேடியப்பா, வெச்சா குடுக்க மாட்டாங்க என்றேன். அதற்கப்புறம் வாயில் வந்ததெல்லாம் வந்தது, வாந்தி வருகிற மாதிரிதான் வந்தது, நிறுத்த முடியவில்லை. ஓடைக்கு வரச் சொன்னது நான், மெஷினில் பாறையைப் போட்டது நான், போனில் ஓடை என்று சொல்லாமல் வைத்தது நான், இவர்கள் மறுக்கவில்லை, இவர்கள் சரியான இடத்தில்தான் நின்றார்கள் என்று யசோதா மேடத்தைப் பார்த்துச் சொன்னேன். இந்திராணி அக்கா முகத்தை மூடிக்கொண்டாள். “இதை மினிட்ஸ்ல ஏத்தாதீங்க” என்று துணை இயக்குநர் யாரிடமோ சொன்னது கேட்டது. ஒரு கையால் அவன் மணிக்கட்டைப் பிடித்தபடியே மற்றக் கையால் படிவத்தை இழுத்து, ஆறாம் பக்கத்துக்குத் திருப்பி, டைப் அடித்திருந்த வரியை அடித்துவிட்டு, கீழே கொஞ்சம் எண்ணெய் படாத இடம் பார்த்து எழுதினேன். செவிலியர் பதிவு செய்த தவறான இடத்துக்கு வண்டி சென்றது, குடும்பத்தார் செவிலியர் கூறிய இடத்தில் காத்திருந்தனர். கையெழுத்து, பெயர், தேதி. “அது ஒரிஜினல் காப்பிம்மா” என்றார் துணை இயக்குநர், பரிதாபமாக. யசோதா மேடம் படிவத்தைத் தன் பக்கம் திருப்பி இரண்டு தடவை படித்தார். “இதுக்குக் கீழ தகப்பன் ரேகை இருந்தா நான் இதைத்தான் எடுத்துட்டுப் போவேன்” என்றார். முடிந்தது என்று நினைத்தேன். கொஞ்சம் மூச்சுக்கூட வந்தது. அந்தச் சமயத்தில் எனக்கு என் மேலேயே கொஞ்சம் மரியாதை வந்ததை மறைப்பானேன். வேடியப்பன் அசையவில்லை. சுவரில் இன்னும் இருந்த மேப்பைப் பார்த்துக்கொண்டிருந்தான், அது அவனுடைய மலை என்று அவனுக்குத் தெரிந்ததா என்று தெரியவில்லை. “வண்டி வந்துச்சா?” என்று கேட்டான். வந்தது என்றேன். “போட்டாப் பாறையிலயா நின்னுச்சி?” ஆமாம். “ரெண்டு மணி நேரமா?” ஆமாம். அவன் மனசுக்குள் ஊரிலிருந்து இறங்கிப் பார்க்கிறான் என்று எனக்குத் தெரிந்தது. தூளியைத் தூக்கிக்கொண்டு, முதலில் இந்தப் பக்கம், அப்புறம் அந்தப் பக்கம். “ரெண்டும் ஒரே தூரந்தான நர்சம்மா” என்றான்.  விரலில் மை உலர்வதற்குள் வைக்கட்டும் என்று அவன் விரலைக் காகிதத்தின் பக்கம் கொண்டுபோகப் பார்த்தேன். அவன் என் முகத்தைப் பார்க்கவில்லை, தன் மணிக்கட்டின் மேல் இருந்த என் விரல்களைப் பார்த்தான், தட்டில் மிச்சம் கிடந்த போண்டாவை நான் பார்த்தேனே, அப்படிப் பார்த்தான்.

“கைய எடு” என்றான். எடுத்தேன். அவனே குனிந்து, நான் எழுதியிருந்ததற்குக் கீழே, அழுத்தி ரேகை வைத்தான்.